கடற்போர் மாட்டிய சுவர்

ரசமட்டம் அந்த வீட்டின் இரும்புக் கதவைத் தள்ளித் திறந்தபோது காலை பத்து மணி. வெயில் சுள்ளென்று விழுந்துகொண்டிருந்தது. தோட்டத்துக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மாடியில் யாரோ துணியை உதறிக் காயப்போட்டார்கள். பேய் பிசாசுக்கான நேரமே அல்ல. பின்னால் நடந்ததை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த வெயில்தான். அவ்வளவு வெளிச்சத்திலும் அது வந்ததே.

ரசமட்டம் என்பது அவருடைய பட்டப்பெயர். அவர் கையிலிருக்கும் கருவிக்கும் அதே பெயர். ஒரு சாண் நீள மரக்கட்டை, அதன் முதுகில் விரலளவு கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் திரவம், திரவத்தில் ஒரே ஒரு காற்றுக் குமிழி. கட்டையை எதன் மேல் வைத்தாலும் குமிழி மேடான பக்கத்துக்கு ஓடும். இரண்டு கோடுகளுக்கு நடுவே வந்து நின்றால் சரிமட்டம். முப்பது வருஷமாக வீடு வீடாகப் போய்ப் படங்களும் நிலைக்கண்ணாடிகளும் மாட்டுகிறவர் அவர். தட்டில் சோறு போட்டு வைத்தால்கூடத் தலையைச் சாய்த்து மட்டம் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார் என்று அவர் மனைவி சொல்வாள்.

இந்த வேலை, படங்களுக்குச் சட்டம் போடும் கடை வழியாக வந்தது. கடைக்காரர் நீட்டிய சீட்டில் முகவரிக்கு மேலே இருந்த பெயரைப் படித்ததும் ரசமட்டத்தின் கை நின்றுவிட்டது. அந்தப் பெயர் அவருடைய கருவிப் பெட்டியின் மூடிக்குள் பத்தொன்பது வருஷமாக ஒட்டியிருந்தது, பழுத்துப்போன ஒரு செய்தித்தாள் துண்டில்.

ஒரு சரக்குக் கப்பல் பனிமூட்டத்தில் வேறொரு கப்பலோடு மோதியது. கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்தது. அந்தப் பெயருக்குரிய கேப்டன் தன் கையாலேயே இரும்புக் கதவை இறக்கி மூடினார். கப்பல் பிழைத்தது, நாற்பது பேர் பிழைத்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஆறு பேர் இருந்தார்கள். அந்த ஆறில் ஒருவன் ரசமட்டத்தின் தம்பி.

"மூடிய பிறகு உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை" என்று கேப்டன் விசாரணையில் சொன்னதாகச் செய்தியில் இருந்தது. அப்படியென்றால் மூடும்போதே அவர்கள் முடிந்துபோயிருந்தார்கள். தம்பி இருட்டில், ஏறும் தண்ணீரில் நின்றுகொண்டு யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

அது உண்மையா என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான். அதற்காகத்தான் அவர் இந்த வேலையை ஒப்புக்கொண்டார்.

கதவைத் திறந்தது கேப்டனின் மனைவி. எழுபதை நெருங்கும் அம்மாள். முட்டிவலிக்குத் துணையாக ஒரு கைத்தடி வைத்திருந்தார். நாக்குக்குத் துணை எதுவும் தேவைப்படவில்லை.

"படம் மாட்ட வந்தவரா? வாங்க மேஸ்திரி. படமா அது, பாதிக் கடல். நேத்து தூக்கிட்டு வந்த நாலு பேரும் போற போக்குல என்னை ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, நானே பெத்துப் போட்ட மாதிரி."

சாப்பாட்டு அறைக்கு அழைத்துப் போனார். சுவருக்குப் புதிதாகக் கரும்பச்சை வண்ணம். ஜன்னல்களுக்குப் புதுத் திரை. பன்னிரண்டு பேர் உட்காரும் மேசைக்கு மேலே கப்பலிலிருந்து கழற்றிய பித்தளை விளக்குகள் இரண்டு. அறையே அந்தப் படத்துக்காக உடுத்திக்கொண்டு காத்திருந்தது. படம் ஓரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஆறடி உயரம், பத்தடி அகலம், கனத்த தங்கப் பூச்சுச் சட்டம்.

இருநூறு வருஷத்துக்கு முந்தைய கடற்போர் ஒன்று. நடுவில், பாய்கள் கந்தலாகியும் நிமிர்ந்து நிற்கும் ஒரு மரக்கப்பல். இடப்பக்கம் புகை. வலப்பக்கம் இன்னொரு கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து மூழ்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில், முறிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டிருந்த மனிதர்களின் முகங்கள் நகக்கண் அளவுக்குத்தான் இருந்தன. வரைந்தவன் மனிதர்களை அவசரமாக வரைந்திருந்தான். தண்ணீரை மட்டும் பொறுமையாக வரைந்திருந்தான். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது ஈரமாக இருந்தது.

"எல்லாரும் நடுவுல இருக்கிற கப்பலைத்தான் பாப்பாங்க," என்றது ஒரு குரல். "நீங்க கீழ்வரிசையைப் பாருங்க."

மேசையின் தலைப்பக்கம் கேப்டன் உட்கார்ந்திருந்தார். உயரமான மனிதர். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. வலது கை மேசைமேல் இருந்தது. விரல் முட்டி தானாகப் பலகையில் தட்டிக்கொண்டிருந்தது, அவருக்கே தெரியாமல்.

மூன்று. நிறுத்தம். மூன்று.

ரசமட்டத்தின் பார்வை படத்தை விட்டு அந்தக் கைக்குப் போனது.

"கப்பலோட விலாவுல வரிசையா ஓட்டை தெரியுதா? பீரங்கி ஜன்னல். ஒவ்வொண்ணுக்கும் ஒரு மரமூடி உண்டு. சண்டை வந்தா மூடியைத் தூக்கிட்டு பீரங்கியை வெளிய நீட்டுவாங்க. ஆனா கப்பல் ஒரு பக்கமா சாஞ்சா, முதல்ல தண்ணி ஏறுறது கீழ்வரிசை வழியாத்தான். அந்த நேரத்துல கீழ்மூடி அத்தனையும் அடைச்சாகணும். உள்ள இருக்கிறவங்க புகையில திணறுவாங்க, கத்துவாங்க. கத்தட்டும்னு அடைக்கணும். அதோ, அடைக்காதவன் மூழ்குறான். அடைச்சவன் நடுவுல நிக்கிறான்." கேப்டன் நிதானமாகப் பேசினார், வகுப்பெடுப்பவரைப் போல. "வெள்ளிக்கிழமை என் பழைய ஆளுங்க பத்துப் பேர் சாப்பிட வராங்க. உக்காந்ததும் நேரா கண்ணுல படணும்."

"சாகுறவங்களைப் பாத்துக்கிட்டே சாப்பிடணுமாம்," என்றார் அம்மாள். "யாருக்குத் தொண்டையில இறங்கும்? ஒரு பூந்தொட்டிப் படம் மாட்டுங்கன்னு எத்தனை வாட்டி சொன்னேன்."

"பூந்தொட்டி எதையும் நிரூபிக்காது," என்றார் கேப்டன்.

ரசமட்டம் கருவிப் பெட்டியைத் திறந்தார். வேலையைத் தொடங்கினார்.

கனமான படத்தை மாட்டும்போது முதல் வேலை ஆணி அடிப்பதல்ல, சுவரைக் கேட்பது. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் சுவர் பதில் சொல்லும். உள்ளே செங்கல் கெட்டியாக இருந்தால் 'தக்' என்று குறுகிய சத்தம். மேல்பூச்சு செங்கலை விட்டுப் பிரிந்திருந்தால் காலிப் பானையைத் தட்டியதுபோல 'டொக்' என்று இழுக்கும். கெட்டியான இடங்களாகப் பார்த்து அவர் பென்சிலால் நான்கு குறிகள் போட்டார்.

தக். தக். டொக். தக்.

குறி போட்டுவிட்டு ஏணியிலிருந்து இறங்கினார். கையில் பென்சில் மட்டும்தான் இருந்தது, சுவரை அவர் தொடவில்லை.

தக்.

பழைய வீடு. வெயில் ஏற ஏறச் சுவர் விரியும், சத்தம் போடும். அது அவருக்குத் தெரியும். ஆனாலும் பென்சிலைக் காதில் செருக ஒரு நொடி பிந்தியது.

"படம் நூத்திமுப்பது கிலோ இருக்கும் சார். ஆணி தாங்காது. சுவத்தை முழுசாத் துளைச்சு போல்ட்டை அந்தப் பக்கம் வரைக்கும் விடணும். பின்னால ஒரு இரும்புத் தகடு வச்சு நட்டு போட்டு முறுக்கிட்டா, சட்டைப் பொத்தான் மாதிரி. எவ்வளவு இழுத்தாலும் ஓட்டை வழியா வராது. பின்னால என்ன இருக்கு?"

"ஸ்டோர் ரூம். ஜன்னல் கிடையாது."

"அங்க நின்னு தகடு பிடிக்க ஒரு ஆள் வேணும்."

"ஒத்தை ஆளாவா இந்தத் தொழில் பண்றீங்க?" என்றார் அம்மாள்.

"முன்னாடி தம்பி கூட இருந்தான்மா. பின்பக்கம் எப்பவும் அவன்தான். ஒருநாள் கையில துளைபோடுற பிட் ஏறிடுச்சு. ரெண்டு விரல் மடங்கினது மடங்கினதுதான். அதோட தொழிலை விட்டுட்டுப் போயிட்டான்."

"அடப்பாவமே. எப்படி ஏறுச்சு?"

"மெஷின் சத்தத்துல அவன் தட்டினது எனக்குக் கேக்கலம்மா."

இருபத்தோரு வருஷமாக இதையே அவர் சொல்லிவந்தார். ஆஸ்பத்திரியில் சொன்னார், பெற்றவளிடம் சொன்னார், மனைவியிடம் சொன்னார். சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் ஆற்றுக் கூழாங்கல்லைப் போல வழவழப்பாகியிருந்தது. எந்த மூலையும் இனி அவரைக் குத்துவதில்லை. தம்பி மட்டும் அதைக் கேட்டு ஒருமுறை, ஒரே ஒருமுறை, சொன்னான்: "கேக்கலன்னு சொல்லிட்டே இல்ல? சரிண்ணே. கேக்கலன்னே வச்சுக்கலாம்." அதற்குப் பிறகு கப்பலில் எஞ்சின் துடைக்கிற வேலை கிடைத்தது. மடங்கிய விரலால் அதைச் செய்ய முடியும். போய்விட்டான்.

கேப்டன் எழுந்தார். "தகடு பிடிக்கணும், அவ்வளவுதானே? நானே பிடிக்கிறேன். என்ன செய்யணும்னு சொல்லுங்க."

"முக்கால் சுவர் போனதும் நான் மெஷினை நிறுத்திடுவேன் சார். அதுவரைக்கும் நீங்க உள்ளங்கையைச் சுவத்துல வச்சிருங்க. பிட் எங்க வருதுன்னு கைக்கே தெரியும், குறுகுறுன்னு. இடம் தெரிஞ்சதும் கையை எடுத்துட்டு ரெண்டு தட்டுங்க. ரெண்டுன்னா, சரி, போடு. அங்க குழாயோ கட்டையோ இருந்தா ஒண்ணு தட்டுங்க. ஒண்ணுன்னா, இங்க இல்ல, தள்ளிப் போ."

கேப்டன் தலையசைத்தார். பிறகு, காய்ந்த குரலில் கேட்டார்:

"மூணு தட்டினா?"

ரசமட்டம் மூன்றைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

"மூணுன்னா," என்றார் அவர், கேப்டனின் கண்ணைப் பார்த்து, "பொறு. என் கை இன்னும் இங்கதான் இருக்கு. போட்டுடாத."

கேப்டனின் வலது கை இரண்டு தடவை தட்டி, மூன்றாவது தட்டுக்கு உயர்ந்து, அப்படியே நின்றது.

"இது உங்க தொழில்ல எல்லாருக்கும் பொதுவா?"

"இல்ல சார். நானும் தம்பியும் வச்சுக்கிட்டது."

அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னங்க, முகம் ஏன் இப்படி வெளுக்குது? வேண்டாம்னா விடுங்க."

"ஒண்ணுமில்ல," என்றார் கேப்டன். அறையை விட்டு வெளியேறி, நடையைச் சுற்றிக்கொண்டு, பின்பக்கம் போனார். ஸ்டோர் ரூம் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

ரசமட்டம் முழ நீள பிட்டை மெஷினில் பொருத்தினார். முதல் குறியில் வைத்து விசையை அழுத்தினார். பூச்சு உதிர்ந்தது. பிறகு செங்கல்.

சுவரைத் துளைக்கும்போது வரும் தூள் சுவரின் குணத்தைச் சொல்லும். காய்ந்த செங்கல் என்றால் சிவந்த மாவு, மெதுவாகச் சரிந்து விழும். அப்படித்தான் வந்தது, ஐந்து அங்குலம் வரை. அதற்குப் பிறகு வந்தது மாவு இல்லை. சாம்பல் நிறத்தில் கூழ். பிட்டைச் சுற்றி வழிந்து, புதுப் பச்சை வண்ணத்தின் மேல் கோடாக இறங்கியது.

அந்த வீடு மேட்டில் இருந்தது. சுவருக்குள் தண்ணீர்க் குழாய் எதுவும் ஓடவில்லை.

மெஷினை நிறுத்தினார். காத்திருந்தார்.

தக். தக். தக்.

"கையை எடுக்கலையா சார்?" என்று துளையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

பதில் சுவர் வழியாக அமுங்கி வந்தது. "நான் இன்னும் தட்டவே இல்லையே மேஸ்திரி. நீங்கதானே தட்டினீங்க?"

இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் மட்டும்தான் இருந்தது.

தக். தக். தக்.

அந்தப் பக்கமும் இல்லை. இந்தப் பக்கமும் இல்லை.

"என்ன நாத்தம் இது?" என்றார் அம்மாள், மூக்கைப் பொத்திக்கொண்டு. "மெஷின் எண்ணெயா? உப்புத் தண்ணியில ஊறின மாதிரி."

கேப்டன் திரும்பி வந்தார். வாசற்படியிலேயே நின்றார். சுவரில் வழிந்திருந்த சாம்பல் கோட்டைப் பார்த்தார். அந்த வாசனை எதுவென்று அவரிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நீ உள்ள போ," என்றார் மனைவியிடம்.

"ஏன் போகணும்?"

"போன்னு சொன்னேன்."

அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பத்தொன்பது வருஷமா தூங்கும்போதும் கட்டில்ல தட்டுறீங்க. ஒருநாளாவது என்னன்னு கேட்டிருப்பேனா? கேக்காம இருந்ததுக்குக் கிடைச்ச மரியாதை இதுதான்." கைத்தடி தரையில் மோதும் சத்தம் அடுக்களை வரை போய் நின்றது.

கேப்டன் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார். "உங்க தம்பி அன்னைக்குக் கீழ்த்தளத்துல இருந்தானா?"

"இருந்தான்."

"வலது கை. கடைசி ரெண்டு விரல்."

"ஆமா."

"எனக்கு அவனைத் தெரியும். எல்லாரையும் தெரியும்." கேப்டன் சாம்பல் கோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "கதவை இறக்கினதுக்கு அப்புறம்தான் தட்ட ஆரம்பிச்சாங்க. முதல்ல எல்லாரும் கண்டபடி தட்டினாங்க. ஒவ்வொருத்தரா நின்னு போச்சு. கடைசியா ஒருத்தன் மட்டும். மூணு. நிறுத்தி, மூணு. அவசரமே இல்லாம. நான் கதவைத் திறக்கிற சக்கரத்துல கையை வச்சுக்கிட்டு நின்னேன். திறன்னு கெஞ்சுறான்னு நெனச்சேன். திறந்தா நாப்பது பேர் போவாங்க. கெஞ்சினா கெஞ்சட்டும்னு நின்னேன்."

"எவ்வளவு நேரம் சார்?"

"நாப்பது நிமிஷம்."

ரசமட்டத்தின் பார்வை கருவிப் பெட்டி மூடியிலிருந்த செய்தித்தாள் துண்டுக்குப் போனது.

"விசாரணையில என்ன சொல்றதுன்னு தெரியல. பம்ப் ஓடின சத்தத்துல ஒண்ணும் கேக்கலன்னு எழுதிக் கொடுத்தேன். பேப்பர்ல சத்தமே வரலன்னு போட்டாங்க. உங்களுக்கெல்லாம் அதுதான் நல்லதுன்னு..." கேப்டன் தன் வலது கையைப் பார்த்தார். "அவன் கெஞ்சல, இல்ல? பொறுன்னு மட்டும்தான் சொல்லியிருக்கான். கை இன்னும் இங்கதான் இருக்குன்னு. இன்னைக்குத்தான் தெரியுது எனக்கு."

ரசமட்டத்துக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. பத்தொன்பது வருஷமாக அது கிடைத்தால் என்ன செய்வோம் என்று எத்தனையோ விதமாக யோசித்து வைத்திருந்தார். எதுவும் இப்போது கைக்கு வரவில்லை. கையில் மெஷின் மட்டும் இருந்தது.

"வேலையை முடிச்சிடலாம்," என்றார்.

கேப்டன் அவரையும் மெஷினையும் பார்த்தார். எதையோ புரிந்துகொண்டவர் போலத் தலையசைத்தார். மறுபடி நடையைச் சுற்றிப் போனார். ஸ்டோர் ரூம் கதவு மூடிய சத்தம், இந்தத் தடவை கொஞ்சம் கனமாக.

ரசமட்டம் பிட்டை அதே துளைக்குள் செலுத்தினார். முட்டும் வரை உள்ளே போயிற்று. விசையில் விரல் வைத்து, அழுத்தாமல் நின்றார். இரண்டு தட்டு வர வேண்டும்.

ஜன்னல் திரை ஆடவில்லை. அடுக்களையில் ஒரு பாத்திரமும் உருளவில்லை.

தக்.

தக்.

தக்.

அவருக்குக் கேட்டது.

மெஷின் ஓடிக்கொண்டிருக்கவில்லை. மூச்சு விடும் சத்தம்கூட இல்லாத அறையில், வெயில் நிறைந்த பகலில், பக்கத்தில் நின்று ஒருவன் காதில் சொல்வதைப் போலக் கேட்டது. பொறு.

இருபத்தோரு வருஷத்துக்கு முன்பும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு வீட்டில் வேலை காத்திருந்தது. எந்தத் துளைக்கும் தம்பி மூன்று தட்டாமல் இருந்ததில்லை. எப்போது பார்த்தாலும் பொறு, பொறு. சலிப்பு. கொலைவெறி ஒன்றுமில்லை, வெறும் சலிப்பு. இவன் எப்பவும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு விசையை அழுத்தினார். அவ்வளவுதான் நடந்தது. அதை மறைக்க ஒரு கூழாங்கல் போதுமாக இருந்தது.

சுவர் மறுபடி தட்டியது. மூன்று. அதே நிதானம்.

ரசமட்டம் விசையை அழுத்தினார்.

பிட் செங்கலைத் தாண்டும்போது கைக்கு ஒரு தளர்ச்சி தெரியும். எதிர்ப்பு விட்டுப்போய் மெஷின் முன்னால் பாயும். அந்தத் தளர்ச்சி வந்தது. அதற்கு அடுத்த கணம் இன்னொரு எதிர்ப்பு, மெல்லியதாக. அதுவும் விட்டுப்போனது.

அந்தப் பக்கத்திலிருந்து அலறல் வரவில்லை. கேப்டன் ஒரு சத்தமும் போடவில்லை.

ஸ்டோர் ரூமுக்கு முதலில் ஓடியது அம்மாள்தான். கைத்தடியை விட்டுவிட்டு ஓடினார். ரசமட்டம் போய்ச் சேர்ந்தபோது கேப்டன் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்திருந்தார். வலது உள்ளங்கையை இடது கையால் அழுத்திப் பிடித்திருந்தார். வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் சிவந்துகொண்டிருந்தது.

"என் தப்புதான்," என்றார் மனைவியிடம். "கையை எடுக்க மறந்துட்டேன்."

"மூணு தட்டுனா போடமாட்டேன்னு சொன்னாரே. நீங்க தட்டலையா?" அம்மாள் ரசமட்டத்தின் பக்கம் திரும்பினார். "அவர் தட்டலையா?"

வழவழப்பான அந்தக் கல் தானாக நாக்கில் வந்து நின்றது.

"மெஷின் சத்தத்துல கேக்கலம்மா."

கேப்டன் தலையை நிமிர்த்தினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதற்கும் கீழான ஏதோ ஒன்று இருந்தது. தன் இனத்தானை அடையாளம் கண்டுகொண்டவனின் களைப்பு.

"எனக்குக் கேட்டுச்சே," என்றார் மெதுவாக. "ரெண்டு தடவை. நான் தட்டல மேஸ்திரி. தட்டக் கூடாதுன்னுதான் நின்னேன்."

ரசமட்டத்துக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. தன்னைப் பூட்டியவனின் கைக்காகத்தான் தம்பி சுவருக்குள்ளிருந்து பொறு என்று சொன்னான். அதையும் அண்ணன் கேட்டான். கேட்டுவிட்டு, இரண்டாம் தடவையும் அழுத்தினான்.

பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்து வந்தார். கேப்டனும் அம்மாளும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஜன்னலில்லாத அந்த அறையில் ரசமட்டம் விளக்கைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார். துளையைச் சுற்றி கேப்டனின் ரத்தக்கை பதிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கை. அது ரத்தமல்ல, தண்ணீர். சுவர் அந்த வடிவத்தில் மட்டும் ஊறியிருந்தது. கட்டைவிரல், அடுத்து இரண்டு விரல்கள். கடைசி இரண்டு விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் முட்டிகள் மட்டும். உள்ளங்கையின் நடுவில், பிட்டின் தடிமனுக்கு, ஒரு வட்டம் காய்ந்திருந்தது.

தொட்டுப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. விளக்கை அணைத்தார்.

கேப்டன் பிடிவாதமாக இருந்தார். மறுநாள் நான்கு ஆட்கள் வந்தார்கள், படம் ஏறியது. குமிழி இரண்டு கோடுகளுக்கு நடுவே அசையாமல் நின்றது. முப்பது வருஷத்தில் அவ்வளவு நேராக எந்தப் படத்தையும் ரசமட்டம் மாட்டியதில்லை.

சனிக்கிழமை காலை அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"படம் நேராத்தான் இருக்கு மேஸ்திரி, குறை சொல்லல. பத்துப் பேர்ல ஒருத்தரும் சாப்பாட்டை முடிக்கல. பின்னால யாராவது வேலை பாக்குறாங்களான்னு ஒருத்தர் கேட்டார். அவ்வளவுதான், மத்தவங்க ஒருத்தரையொருத்தர் பாத்துக்கிட்டாங்க. தட்டைத் தள்ளிட்டு எழுந்துட்டாங்க. எல்லாரும் அந்தக் கப்பல்ல இருந்தவங்க." குரலைத் தாழ்த்தினார். "இவர் மட்டும் இன்னும் அங்கதான் உக்காந்திருக்கார். சுவத்துல மூணு வந்தா, கட்டுப்போட்ட கையால மேசையில ரெண்டு தட்டுறார். என்னன்னு கேட்டா, சரின்னு சொல்றேன்கிறார். எதுக்குச் சரின்னு தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா," என்றார் ரசமட்டம்.

போனை வைத்துவிட்டுத் தன் படுக்கையறைக்குப் போனார். மனைவி கடைக்குப் போயிருந்தாள். ஜன்னல் வழியாக வெயில் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. சுவருக்கு முன்னால் நின்று, முதன்முறையாகத் தன் உள்ளங்கையை அதில் வைத்தார், பின்பக்கம் நிற்கிற ஆள் வைப்பதுபோல. சுவர் குளிர்ந்திருந்தது. கையை எடுக்காமல், மற்றக் கையின் முட்டியால் மூன்று தட்டினார். பொறு. என் கை இங்கதான் இருக்கு.

"எனக்குக் கேட்டுச்சுடா," என்றார். "ரெண்டு தடவையும் கேட்டுச்சு."

அதை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. கேட்க யாரும் இல்லாத இடமாகப் பார்த்துச் சொன்னார்.

வெகுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு பதில் வந்தது, அவருடைய உள்ளங்கைக்கு நேர் கீழே, குறுகுறுவென்று தோலில் தெரியும்படி. ஒரே ஒரு தட்டு.

இங்கே இல்லை. தள்ளிப் போ.

அவர் ஓரடி நகர்ந்து மறுபடி கையை வைத்தார். தட்டினார். ஒன்று. இன்னும் ஓரடி. ஒன்று. கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டு அடுத்த சுவருக்குப் போனார். ஒன்று. மனைவி பையோடு திரும்பி வந்தபோது அவர் வீட்டின் கடைசிச் சுவரில் கையை வைத்து நின்றுகொண்டிருந்தார். மூன்றாவது மாடி வீடு அது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதன் நிற்க இடமே கிடையாது, வெறும் வானம்தான்.

"அங்க என்ன பண்றீங்க?" என்றாள் அவள். அப்புறம் பையைக் கீழே வைத்தாள். "யாரு அது வெளியிலேர்ந்து தட்டுறது?"